தேருக்குள் தீட்டுக் கழிய வேண்டுமாம்

என் நெஞ்சைவிட்டு இறங்காத புஷ்பம் அக்காவுக்கு,

நல்ல செய்தி கொண்டுவரவில்லை. நீ இடுப்பில் தூக்கி வளர்த்த என் மகள் விஜிக்கு மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. மஹய்யாவவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இரத்தத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்டான். அவனை விடு, துவக்கைக் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் வாயை அடைக்க நம் ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அந்த வருஷம் கலவரம் அடங்கி ஊரடங்கு தளர்ந்த வாரம் உனக்கு நடந்ததும் இதுதானே. தானாக வெளியேறும்வரை வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் மயக்க ஊசி போட்டுக் கருப்பையைக் கழுவலாம் என்றார் டாக்டர். கேட்டது உன்னிடம். பதில் சொன்னது உன் மாமியார்.

"கழுவிடுங்க ஐயா. மகன் காவடிக்குக் காப்புக் கட்டணும். தேருக்குள்ள தீட்டுக் கழியணும்."

"வீட்டுக்குப் போறேன்" என்று நீ சொன்னது யார் காதில் விழுந்தது? ஆறடி ஆம்பிளை, உன் புருஷன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சதம் பிசகாமல் வீட்டுக் கணக்கு எழுதுகிற நானே, தீட்டுக்குக் கணக்குப் பார்ப்பதில் அந்த அம்மாளிடம் தோற்றேன். "நல்லாக் கழுவிட்டாங்க, ஒரு குறையும் இல்ல" என்று பன்வில ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாளே! யாருடைய திருப்தியை யார் சொல்வது? அதன்பிறகு நீ ஒரு தேருக்கும் வரவில்லை.

இப்போது விஜியின் மாமியாரும் அதே பாட்டு. "கழுவிடுங்க டாக்டர், வீட்டுல பூசை இருக்கு."

"வயிறு யாரோடது சம்பந்தியம்மா?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை தவறாம விரதம் இருக்கிறீங்க. தீட்டுத் தெரியாதா?"

"தெரியும். இரத்தத்தைக் கண்டா ஓடுற சாமிய நான் கும்புடல. வேணும்னா நீங்க வச்சுக்கங்க."

டாக்டரை விஜியிடம் கேட்கச் சொன்னேன். உன்னைப் போல வீட்டுக்குத்தான் வருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ, "கழுவட்டும்மா. வயித்துல வச்சுக்கிட்டு வீட்டுல படுத்திருக்க என்னால முடியாது. ஆனா அவுங்க பூசைக்காக இல்ல" என்றாள்.

உனக்குச் செய்த அதே வைத்தியம்தான், அக்கா. ஆனால் விஜி என் மடியில் தலைவைத்து வாய்விட்டு அழுதாள். பிறகு தேத்தண்ணி கேட்டாள். நீ எத்தனை மாதம் அழாமலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்! நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தால்?

அன்றைக்கு உன் மாமியாரின் வாயை மூடத் துணியவில்லை. இனி நம் வீட்டில் எந்தப் பெண் அந்தக் கட்டிலில் படுத்தாலும், அவள் வாய் திறக்கும்வரை வேறு எவரையும் பேசவிட மாட்டேன். முருகன்மேல் ஆணை.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்லம்