சரோஜாவுக்கு மாற்றிய சிலிண்டர்

ஜூன் 14, வெள்ளி
காலையிலிருந்தே மேல்காற்று. வார்டு முழுக்கப் புழுதி. ஃப்ளூ காய்ச்சலில் இன்று மட்டும் புதிதாகப் பதினோரு பேர். கட்டில் இல்லை, தரையில் பாய். செய்ய வேண்டியவை: ஊசிகளைக் கொதிக்கவைக்க, முகத்தில் கட்டும் துணி துவைக்க, அம்மாவுக்குக் கடிதம் (நாலு நாளாகத் தள்ளுகிறேன்).

ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அது கோட்டைப்பட்டினத்து செய்யதுக்குப் போகிறது. படகுக்காரர், நாற்பது வயதிருக்கும். இரண்டு பக்கமும் நிமோனியா. ஐந்து நாள் பெனிசிலினுக்கும் அசையவில்லை. மனைவி ஜுலைகா விசிறியைக் கீழே வைப்பதில்லை.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலைங்களா நர்ஸம்மா?"

தேவலை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சிலிண்டர் கேட்டுத் திருச்சிக்குத் தந்தி கொடுத்து மூன்று நாள். வரவில்லை.

ஜூன் 15, சனி
பதினோரு மணிக்கு மாட்டுவண்டியில் சரோஜா. வயது இருபத்திரண்டு, ஏழு மாதக் கர்ப்பம். உதடு நீலம். கணவன் தூக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார்.

"செய்யது இன்னிக்குத் தாண்டமாட்டார் சிஸ்டர். இந்தப் பொண்ணு பொழைக்க வழியிருக்கு. சிலிண்டரை மாத்திடுங்க."

"அவருக்கு?"

"மார்ஃபியா ஊசி. கால் கிரெயின்."

"மூச்சு இன்னும் கொறையுமே டாக்டர்."

"தெரியும். தவிப்பும் கொறையும். மூச்சு முட்டி முட்டிப் போகட்டும்னு விடச் சொல்றீங்களா?"

டாக்டருக்கே காய்ச்சல்.

ஜுலைகாவிடம், சிலிண்டர் தீர்ந்துபோச்சு என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. என் வாயில் தானாக வந்தது. தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் சரோஜா. சிலிண்டரை அங்கே உருட்டிக்கொண்டு போனோம்.

ஊசி போட்டது நான். கால் மணி நேரத்தில் செய்யதின் முகம் இளகியது. நாலு மணிக்குப் போய்விட்டார்.

நோயா? ஊசியா? நானா?

ஜூன் 17, திங்கள்
திருச்சியிலிருந்து சிலிண்டர்கள். இரண்டு! லாரிக்காரர் கையெழுத்துக் கேட்டார். தேதி போட்டேன், பதினேழு. இரண்டு நாள், வெறும் இரண்டு நாள்.

செருப்பு வார் அறுந்தது. பாயில் படுத்திருந்த இருவரை இன்று வீட்டுக்கு அனுப்பினோம்.

ஜூன் 20, வியாழன்
சரோஜா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். குழந்தையின் துடிப்பு நன்றாகக் கேட்கிறது. கணவன் என் காலில் விழ வந்தான். சட்டென்று விலகிவிட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்.

ஜுலைகாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"சொன்னா யாருக்கு நிம்மதி? அவங்களுக்கா, ஒங்களுக்கா?"

அம்மாவுக்கு நாலு வரி எழுதினேன். எல்லோரும் நலம் என்று.

ஜூன் 23, ஞாயிறு
லீவு. பஸ்ஸில் கோட்டைப்பட்டினம். வழியெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாமா என்றே யோசனை.

ஜுலைகா இத்தாவில் இருக்கிறாள், கணவன் இறந்தபின் வீட்டைவிட்டு வெளியே வராத காலம். உள்ளறையில் பாய் போட்டு உட்காரச் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் சொல்லிவிட்டேன். சிலிண்டர் தீரவில்லை, இன்னொருத்திக்கு மாற்றினோம் என்று.

"தெரியும் நர்ஸம்மா. தட்டிக்கு அங்கிட்டு அந்த சிலிண்டர் சத்தம் கேட்டுச்சு. அஞ்சு நாளா கேட்ட சத்தந்தானே."

பிறகு, "அந்தப் பொண்ணு?"

"பொழச்சுட்டா. வயித்துப் பிள்ளையும் நல்லாயிருக்கு."

"அல்லா காப்பாத்தட்டும்." வந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன். கட்டிப் புடிச்சுக்கிட்டிருப்பேன். நீங்க பிடுங்கிட்டுத்தான் போயிருக்கணும். ஆனா அன்னைக்கே கடைசின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. ஊசி போட்டதும் நல்லாத் தூங்குறாருன்னு நான் பிள்ளைகளுக்குச் சோறாக்க வீட்டுக்குப் போனேன். போயிருக்க மாட்டேன்."

நான் திரும்பவேண்டிய மூன்று மணி பஸ் போகும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.