தம்பதிகள் எண்ணிக்கை

மே 3, ஞாயிறு

காலை எட்டுக்கே அனல். தண்ணீர் லாரி வரவில்லை. மாவு அரைக்கணும், தயிர் வாங்கணும், நிலாவின் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கணும். அவளுக்கு ஸ்கூல் லீவு, தூங்கட்டும்.

காலனி வாட்ஸப்பில் ஒரே கணக்கெடுப்புப் பேச்சு. நாமே இணையத்தில் நிரப்பலாமாம். நிரப்பினால் ஒரு எண் வரும், கணக்கெடுக்கிற டீச்சர் வீட்டுக்கு வரும்போது அதைக் காட்டினால் போதும். ஒருவர், "இதனால நமக்கு என்ன?" செயலாளர் பதில்: "லாரிக்காகத்தான் சார். பதினஞ்சு வருஷம் முன்னாடி எண்ணின தலைக் கணக்கை வெச்சுக்கிட்டு யார்கிட்ட போய் தண்ணி கேக்கறது?" எங்கள் குக்கட்பள்ளியில் அதற்கப்புறம் எத்தனை மாடி ஏறிவிட்டது.

நிலாவிடம் சொன்னேன், போன தடவை எண்ணியபோது நீ பிறக்கவே இல்லை என்று. "அப்போ ஐ டோன்ட் எக்ஸிஸ்ட்டா?" பன்னிரண்டு வயதுக்கு நல்ல கேள்வி. அப்போது நான் மதுரையில், அப்பா வீட்டில், கல்யாணம் ஆகாதவள் என்று எழுதப்பட்டவள்.

மே 5, செவ்வாய்

அமீர்பேட். இன்ஸ்டிட்யூட்டில் ஏசி பழுது, வகுப்பு முழுக்க வியர்வை. சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்கிறாய் என்பார் வீட்டுக்காரர் முரளி, பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

மதியம் படிவத்தைத் திறந்தேன். தரை எதனால்? கூரை எதனால்? குடிநீர் எங்கிருந்து? முக்கியமாகச் சாப்பிடும் தானியம்? எல்லாம் மளமளவென்று. "வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர்" என்ற இடத்தில் கை நின்றது. விளக்கம் தேடிப் படித்தேன். ஒன்றாக வசித்து, ஒரே சமையலைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். உறவா இல்லையா என்பதெல்லாம் இரண்டாவது. சாப்பாடுதான் கணக்கு.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

பொங்கலுக்கு மதுரையில், அவர் அண்ணன் வீட்டில், பத்துப் பேர் முன்னால் முரளி சொன்னார்: "இவளுக்குச் சமைக்கவும் வராது, குடும்பம் நடத்தவும் வராது." சிரித்துக்கொண்டேதான். எல்லோரும் சிரித்தார்கள். இங்கே வந்து இறங்கியதும் நான், "இனிமே நீங்களே சமைச்சுக்கோங்க" என்றேன். கோபத்தில் சொன்னது. மறுநாளே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்து பின்னறையில் வைத்துவிட்டார். அங்கேயே சப்பாத்தி, அங்கேயே படுக்கை. முன்பக்கம் நானும் நிலாவும், சோறு. நான்கு மாதம் ஆகப்போகிறது. கரண்ட் பில், கேஸ், எல்லாப் பேச்சும் நிலா வழியாகத்தான்.

படிவத்தின் கணக்குப்படி எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம். விதி விதிதானே.

குடும்பத் தலைவர்: கவிதா. நபர்கள்: 2. தம்பதிகள் எண்ணிக்கை என்று ஒரு கேள்வி. 0.

அனுப்பினேன். எண் வந்தது. ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்தேன்.

மே 8, வெள்ளி

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. முரளியின் கையெழுத்து, கீழ்நோக்கிச் சரியும் எண்கள். "கணக்கெடுப்பு. டீச்சர் வந்தா குடுக்கவும்." யார் கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை.

ஆக, அவரும் நிரப்பியிருக்கிறார். தனி ஆளாகத்தான் போட்டிருப்பார். நபர்கள் 1. வேறென்ன போடுவார்? நான் போட்டது மட்டும் என்ன? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பால் எடுக்க, தயிர் எடுக்க, சும்மாவும், நாலு தடவை அந்தச் சீட்டைப் பார்த்தாயிற்று.

நிலாவிடம், "அப்பா எத்தனை பேர் போட்டார்னு கேட்டுச் சொல்லு."

"நாக்கு தெலீது. நுவ்வே அடுகு."

தெலுங்கில்தான் பதில். அவளுக்குத் தெரியாதாம், நானே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். தூது போய்ப் போய்க் குழந்தைக்கு அலுத்துவிட்டது. அவளுக்காக வெட்கமாக இருந்தது, எனக்காக இல்லை.

மே 12, செவ்வாய்

வெயில். மெட்ரோவில் நிற்க இடமில்லை. பாடத்தில் கவனம் இல்லை, ஒரே ஸ்லைடை இரண்டு முறை நடத்தினேன், எவனும் சொல்லவில்லை.

மாலையில் கேட்டருகே பத்மா டீச்சர், அரசுப் பள்ளி, எங்கள் தெருவுக்கு அவர்தான். மார்க்கரால் வாசல்களில் எண் எழுதிக்கொண்டிருந்தார். குடை, தண்ணீர் பாட்டில், போனுக்கு ஒரு பவர் பேங்க். லீவெல்லாம் இதிலேயே போகிறது என்றார் தெலுங்கில். ஒரே ஆளை இரண்டு வீட்டில் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன், பொதுவாகக் கேட்பதுபோல. அடுத்தவர் பங்கைச் சாப்பிட்ட மாதிரிதான் என்றார். எங்குமே எழுதாவிட்டால்? "அந்த ஆளுக்கு ஸ்கூல்ல பெஞ்சும் இல்ல, ஆஸ்பத்திரில கட்டிலும் இல்ல." சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

முரளியை நான் விட்டது தப்பில்லை, அவர் பெயரில் தனியாக இருக்குமே. இருக்கும்தானே?

மே 15, வெள்ளி

பின்னறையில் கருகல் வாசனை. சப்பாத்தி. எட்டிப் பார்க்கவில்லை. நிலா எங்கள் பாத்திரத்திலிருந்து சாம்பாரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இது எத்தனை நாளாக நடக்கிறதோ.

மே 16, சனி

பதினொன்றரைக்கு டீச்சர். மோர் கொடுத்தேன். "எந்த மந்தி?" எத்தனை பேர் என்ற முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல் கைப்பையிலிருந்து என் எண்ணை எடுத்துக் கொடுத்தேன். நிலா ஃப்ரிட்ஜிலிருந்து அந்தச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வேண்டுமென்றேதான் செய்தாள்.

டீச்சர் இரண்டையும் போனில் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ரெண்டுலயும் தலைவர் கவிதாதாம்மா. ஒண்ணுல ரெண்டு பேர், இன்னொண்ணுல மூணு பேர். எது நிஜம்?"

மூன்று பேர் உள்ளது முரளி நிரப்பியது. டீச்சர் போனை என் பக்கம் திருப்பினார். குடும்பத் தலைவர்: கவிதா. பெண். நபர்கள்: 3. தானியம்: அரிசி. தம்பதிகள்: 1.

அரிசியாம். நாலு மாதமாகச் சப்பாத்தியைக் கருக்குகிற மனிதர்.

நான் அவரை எழுதவில்லை, அவர் என்னை எழுதியிருக்கிறார், அதுவும் முதல் வரியில். டீச்சர் முன்னால் அழக்கூடாதென்று மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினேன். டீச்சர் பாதிதான் குடித்திருந்தார்.

திரும்பி வந்து, "மூணு பேர்" என்றேன். என் எண்ணை அவர் ஓரமாக வைத்தார். ஒவ்வொரு பதிலையும் வாசித்துக் காட்டிச் சரியா என்று கேட்க வேண்டுமாம். வாசித்தார். சரி, சரி, சரி. "தம்பதிகள் ஒண்ணு?"

நான் ஒருத்தி சொல்கிற விஷயமா அது?

"அவர் வரட்டும் மேடம். கேட்டுச் சொல்றேன்."

டீச்சர் என்னையும் நிலாவையும் பார்த்தார். "ரெண்டரை வரைக்கும் எதிர் வரிசைலதான் இருப்பேன்."

இரண்டு மணி. முரளிக்கு நாச்சாரம் கம்பெனியில் சனிக்கிழமை அரை நாள். வந்தார், ஷூவைக் கழற்றக் குனிந்தார். நிலா ஓடிப்போய்த் தெலுங்கில் கொட்டுவதற்குள் நானே கேட்டுவிட்டேன், நான்கு மாதத்துக்கு அப்புறம் நேராக.

"டீச்சர் கேட்டுட்டுப் போறாங்க. நம்ம ரெண்டு பேரும் ஜோடியா இல்லையா?"

"அதான் ஒண்ணுன்னு போட்டேனே."

"நான் சைபர் போட்டேன். உங்களை எழுதவே இல்ல."

குனிந்தபடியே இருந்தார். ஒரு ஷூ காலில், ஒன்று கையில்.

"சைபர்னு போடத்தான் நானும் உக்காந்தேன்" என்றார். "கை வரல, கவிதா."

பால்கனிக்குப் போனேன். டீச்சர் எதிர்வீட்டுப் படியில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம்! ஒகட்டி! ஒண்ணுன்னே இருக்கட்டும்!"

தெருவே நிமிர்ந்து பார்த்தது. பார்க்கட்டும்.