தெற்கு ஜன்னலுக்கு ஒரு கித்தான்

டிசம்பர் 12

அன்புள்ள கோணலுக்கு,

அத்தான் சொல்லச் சொல்ல அவர் மருமகள் எழுதுவது.

ஆற்றுப் பாலத்துக்கு முதன்முதலாக விளக்குப் போட்டார்களே, சர்க்கரை கிடைக்காமல் ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டு காப்பி குடித்ததே, உன் அக்காவை நான் கட்டிக்கொண்டேனே, அந்த வருஷம் தெற்கே பார்த்த கடிகாரக் கடை வாசலுக்கு நாம் கட்டிய கித்தான் மறைப்பை இன்று பார்த்துவிட்டு வந்தேன். துணி எத்தனையோ தடவை மாறிவிட்டது. இரும்புச் சட்டம் நாம் அடித்ததுதான். கோடையில் வாசற்படியைத் தாண்டாத வெயில், இப்போது கித்தானுக்கு அடியில் தாழ்வாக நுழைந்து, கல்லாப்பெட்டி வரை வந்து பூனை மாதிரி படுத்திருக்கிறது. கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் நீட்டிக்கொண்டிருக்கிறார். இந்தச் சாய்வுக்காக என்னை எத்தனை தடவை ஏணியில் ஏற்றி இறக்கினாய்! "கோணலா இருக்கு அத்தான்"னு கத்திக் கத்தித்தானே உனக்கு அந்தப் பெயரே வந்தது.

மகள் வீட்டோடு இருக்கிறேன் என்று பூமியின் அந்தக் கோடிக்குப் போனாய். ஒரு வரி இல்லை. கை சும்மாவா இருக்கிறது?

உன் அத்தான் (கைநாட்டு)


டிசம்பர் 28

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போய்விட்டது.

இங்கே இப்போது கொளுத்துகிறது. மகள் வியர்த்து வழிவதைப் பார்த்துக் கித்தான் வாங்கிவரச் சொன்னேன். தெற்கே பார்த்த அடுக்களை ஜன்னலுக்கு, கடிகாரக் கடைச் சாய்விலேயே, இரட்டைத் தையல் போட்டு ஒரு மறைப்புக் கட்டினேன். தெற்கு என்றால் வெயில் என்று கை பழகிவிட்டதே, யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் உச்சி வெயில் வடக்கு வழியாகப் போகிறது அத்தான்! தெற்கு ஜன்னலை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வடக்குக் கூடம் அடுப்பாகக் காய்கிறது, அடுக்களையில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. "மாமா, நிழலுக்கே நிழல் கட்டியிருக்கீங்களே!" என்றார் மாப்பிள்ளை. மகள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாத இடத்தில் எனக்கு என்ன வேலை? உங்கள் வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்கிறது? ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

கோணல்


ஜனவரி 14

அன்புள்ள கோணலுக்கு,

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது, மன்னித்துக்கொள்.

மருமகளைக் கேட்டேன். பூமி நேராக நிற்காதாம். நம் கித்தான் மாதிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறதாம். ஆறு மாதம் எங்கள் பாதி அதன் பக்கம் சாய்ந்திருக்கும், ஆறு மாதம் உங்கள் பாதி. வெயில் நேராக விழுந்தால், ஒரு டின் சாயத்தை ஒரே கித்தானில் பூசுகிற மாதிரி அழுத்தமாகப் பிடிக்கும். சாய்ந்து விழுந்தால், அதே டின்னை இரண்டு கித்தானுக்கு இழுத்துப் பூசுகிற மாதிரி வெளிறிப்போகும். அவ்வளவுதான் கோடையும் குளிரும்.

கோடையில் சூரியன் கிட்டே வருகிறது என்று எவ்வளவு சண்டை போட்டாய்! நாங்கள் இங்கே பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருக்கும் இந்த மாதத்தில்தான் அது பூமிக்குக் கிட்டே இருக்கிறதாம். நீ தோற்றாய். மேகம் குறைவதால்தான் கோடை என்ற நானும் தோற்றேன்.

அதனால் வெட்கப்பட்டு ஓடிவராதே. கித்தானை அவிழ்த்து வடக்குப் பக்கம் கட்டு. கட்டி முடித்த பிறகும் வரவேண்டும் என்று தோன்றினால் வா. தோன்றாவிட்டால் இரு. எனக்கொன்றும் இல்லை.

உன் அத்தான் (கைநாட்டு)

சித்தப்பா, இது மாமா சொல்லாமல் நானாக எழுதுவது. உங்கள் கடிதம் வந்த அன்றே பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டிலையும் போட்டுவிட்டார். "எனக்கொன்றும் இல்லை" என்பதை நம்பாதீர்கள்.


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

வடக்கே கட்டினேன். மறுநாள் மத்தியானம் மகள் கூடத்துத் தரையிலேயே தூங்கிவிட்டாள். சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தன் நண்பர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பக்கத்து வீட்டு நர்சம்மா, "எனக்கும் ஒண்ணு கட்டித் தாங்க ஐயா" என்று துணியோடு வந்து நிற்கிறார்.

வேலை இருக்கிறது அத்தான். இங்கேயே இருந்துவிடுகிறேன். எழுதவே கை வரவில்லை, கட்டில் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனால் ஒன்று. ஜூனில் இங்கே குளிர். கடல் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. கரையோரம் என்பதால் இங்கே குளிர் அவ்வளவு கடிக்காது, மலைக்கு அந்தப் பக்கம்தான் குழாயில் தண்ணீர் உறையும் என்கிறாள் மகள். இதெல்லாம் என் முழங்காலுக்குப் புரியுமா? எனக்கு இங்கே குளிர் என்றால் உங்களுக்கு அங்கே கோடை. வருஷா வருஷம் அந்த மூன்று மாதம் அங்கே வந்து இருக்கட்டுமா? மகள் சரி என்றுவிட்டாள்.

கோணல்


மார்ச் 15

அன்புள்ள கோணலுக்கு,

வா. வருஷத்துக்கு இரண்டு கோடை, குளிரே கிடையாது, கொடுத்துவைத்தவன் நீ. கட்டில் அப்படியே கிடக்கும். மீதி மாதத்தில் மருமகள் அதன்மேல் துணி மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

கடிகாரக் கடைக் கித்தான் போன வாரக் காற்றில் கிழிந்துவிட்டது. ஜூனுக்குள் ஆள் வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னை ஏணியில் ஏற மருமகள் விடமாட்டாள், மகன் ஏறுவான். நாம் கீழே நின்று கத்தலாம்.

அன்றைக்கு அந்தக் கடை வாசலில் நின்ற எல்லோரையும் நேற்று எண்ணிப் பார்த்தேன். சட்டம் வளைத்த நம் பட்டறை முதலாளி இல்லை. நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்த உன் அக்கா இல்லை. ஏணியைப் பிடித்த நெட்டையனும் போன மாதம் போய்விட்டான். சாய்வு சரியா, தப்பா என்று எனக்குச் சொல்ல மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தன். கோணல்.