சுபானு வருஷத்துக்காரர்கள்

16 செப்டம்பர் 1974
ஆரணி நெசவாளர்களின் காதுப் பரிசோதனை இன்று தொடங்கியது. டாக்டர் அப்பாண்டைநாதன் காதைப் பார்க்கிறார், நான் எழுதுகிறேன். புள்ளியியல் படித்தவளுக்கு இதுவா வேலை என்று முனகலாம். உள்ளூரிலேயே கிடைத்ததே, வாயை மூடு ஜெயவதி.

வயதைக் கேட்டால் ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. பிறந்த தமிழ் வருஷத்தைக் கேட்டால் டக்கென்று வருகிறது. விய, தாரண, சுபானு. அதையே எழுதிக்கொள்கிறேன்.

19 செப்டம்பர் 1974
தறியை நிறுத்திய பிறகும் தறிச் சத்தம் கேட்கிறது என்று பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். முதலில் சொன்னவர் பொன்னுசாமி. மேசையில் தட்டிக் காட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 64. மற்றவர்கள் வேறு வேறு நாளில், வேறு வேறு தெருவிலிருந்து வந்தவர்கள். அவர்களும் 64.

கூடிப் பேசிக்கொண்டு என்னை ஏய்க்கிறார்களா? பதினொருவரும் சுபானு வருஷம். வயது முப்பத்தொன்று. அந்த வயதில் வந்து பிறகு போய்விடும் கோளாறு என்கிறார் டாக்டர் சார். இருக்கலாம்.

12 செப்டம்பர் 1978
மறுபரிசோதனை. இப்போது முப்பத்தொன்று ஆனவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அதே பதினொருவருக்குத்தான் கேட்கிறது. ஆனால் நிமிடத்துக்கு 48. எல்லோருக்கும் 48.

எழுத்து கோணலாக இருக்கிறது பார்.

14 செப்டம்பர் 1978
யாருக்குக் கேட்கிறது என்பது பிறந்த வருஷத்தால். சரி. ஏன் மெதுவாகிறது? அவர்களுக்கு நாலு வயது கூடியதாலா? அல்லது இந்த நாலு வருஷத்தில் ஊருக்குள் வந்த எதனாலோவா — புதுச் சாயம், புது இயந்திரம்? ஊர்தான் காரணம் என்றால் கண்டுபிடித்து நிறுத்தலாம். வயதென்றால் யார் நிறுத்துவது?

பிரிக்க முடியவில்லை. எல்லோரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வயது ஏறும்போதெல்லாம் ஊருக்கும் ஒரு வருஷம் ஏறித் தொலைக்கிறது. ஆயிரம் பேரைக் கேட்டாலும் இதே கதைதான். "வேற வருஷத்துல பிறந்த ஒருத்தர் வேணும், ஜெயவதி. ஒரே ஒருத்தர்" என்றார் சார்.

சத்தம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று பொன்னுசாமியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பொடவை முடிஞ்சாதானேம்மா தறி நிக்கும். அப்பால அறுத்து எடுத்துக்குவாங்க."

15 செப்டம்பர் 1978
சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தேன். இறங்கவில்லை.

3 ஆகஸ்ட் 1982
பெரணமல்லூருக்கு ஒரு காரியமாகப் போய்த் திரும்பும்போது பஸ் பழுதாகி வயல் நடுவில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நின்றோம். சுற்றிலும் நெல். ஒரு வீடு இல்லை, ஒரு மின்கம்பம் இல்லை.

தறிச் சத்தம் கேட்டது.

இத்தனை வருஷமும் பக்கத்து வீட்டுத் தறி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆரணியில் யார் அதைத் தனியாகக் கவனிப்பார்கள்? பக்கத்தில் நின்ற பாஞ்சாலை — எங்களோடு வேலை பார்க்கும் ஆயம்மா — அவளைக் கேட்டேன். "ஒன்னும் கேக்கலியே, இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிறீங்க" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 32.

8 செப்டம்பர் 1982
பதினொருவரையும் பார்த்தாயிற்று. 32.

இனி யோசி, பயப்படாதே. நான் தறியைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் பட்டே உடுத்துவதில்லை. சான்றிதழ்ப்படி நான் பிறந்தது 1946. வயது முப்பத்தாறு. அவர்களுக்கு முப்பத்தொன்பது. வயதால் மெதுவாகிறது என்றால், அவர்களுக்கு முப்பத்தாறில் இருந்ததுபோல எனக்கு 44 இருக்க வேண்டும். எனக்கும் 32தான். அப்படியென்றால் வயது இல்லை. ஊர். ஊருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று!

சார் தேடிய அந்த ஒருத்தர் நானேதான். சிரிப்பாக வருகிறது. அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வருஷத்துக்காரருக்கும் தொடக்க எண்ணிக்கையே வேறாக இருந்தால் இதுவும் செல்லாதே என்று இழுத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாயப் பட்டறைகளின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

நன்றாகச் சாப்பிட்டேன்.

10 செப்டம்பர் 1982
அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் தலை நிமிராமல் சொன்னாள்:

"நீயும் சுபானுதாண்டி."

எட்டு வயதில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களாம். ஒன்றாம் வகுப்புக்கு எட்டு வயதா என்று வாத்தியார் ஐந்தாகக் குறைத்து எழுதிக்கொண்டாராம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தானாம். அப்புறம் வரன் பார்க்கும்போது குறைந்த வயது தோதாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்களாம். வரனும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

ஊராரிடம் எட்டு வருஷமாகக் கேட்ட கேள்வியை என்னிடம் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பதினோரு பேர் இல்லை, பன்னிரண்டு பேர். அம்மா மேல் வந்த கோபத்தில் கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

2 அக்டோபர் 1982
தண்ணீரில் ஒன்றும் இல்லை.

17 செப்டம்பர் 1986
சார் மாற்றலாகிப் போய்விட்டார். நான் மட்டும் போய்ப் பார்த்தேன். 16. வருஷத்துக்கு நாலு குறைகிறது, பிசகே இல்லை. கோட்டை நீட்டிப் பார்க்க அளவுகோல் வேண்டாம். நீட்டவும் இல்லை.

நீட்டினேன். 1990 செப்டம்பர்.

பயமாக இருக்கிறது. எழுதினாலாவது குறையுமா என்று பார்க்கிறேன். குறையவில்லை.

30 டிசம்பர் 1989
பொன்னுசாமி வீடு தேடி வந்தார். மோர் கொடுத்தேன். குடித்து வைத்ததும் அவர் விரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. அதே கணத்தில் என் விரலும். அடுத்த தட்டுக்கு இருவரும் காத்திருந்தோம். இருபது விநாடி.

"இதுக்கு இன்னா காரணம்னு எய்தப் போறீங்க?" என்று கேட்டார். அறிக்கையில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வயது, வருஷம், பிறப்பு. பிரிக்க வேண்டும் என்று பதினைந்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றும் ஒரே நாளில்தான் வந்து நிற்கப் போகின்றன. பிரித்து மட்டும் என்ன ஆகிவிடும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மாலையில் கடைக்குப் போனபோது கடைக்காரர் அடுத்த வருஷ டைரி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி வந்துவிட்டேன். செப்டம்பர் வரைக்கும் எழுதலாம்.