நிரப்பி வைக்கக் கூடாதது

பிப்ரவரி 9, ஹேடோ

நாளை கப்பல். மகள் சோனியாவின் பிரசவத்திற்காகச் சென்னையில் இரு மாதங்கள் தங்க வேண்டும். அரிசி, எரிவாயு, தண்ணீர் டிரம்கள் அனைத்தையும் நிரப்பிவிட்டேன். அடுத்த கப்பல் என்று வருமென அறியாத இத்தீவில் அதுவே முறை. என் மின்சாரக் காருக்கு மட்டும் அம்முறை பொருந்தாது. பேட்டரியைப் பாதியளவில் விட்டுச் செல்கிறேன். ஆறு ஆண்டுகளாக எண்பது விழுக்காட்டிற்கு மேல் ஏற்றியதில்லை — நானே படித்துத் தெளிந்தது. "சார்ஜரைத் தொடுதல் ஆகாது" என்று கணவர் வியாகுலத்திடம் அறிவுறுத்தினேன். தலையாட்டினார்.

ஏப்ரல் 16

பேத்தி நலம். வீடு திரும்பினேன். கார் சார்ஜரில் மாட்டியபடியே நிற்கிறது. நூறு விழுக்காடு. இரண்டு மாசமும், இந்த வெயில்ல, நூறு!

"ஒரு நாள்கூட கொறய விடலையே" என்கிறார், பெருமையாக.

கத்திவிட்டேன். பேட்டரி கெட்டுப்போனா என்ன செய்வேன்? புதுசு மெயின்லாந்துல இருந்து வரணும். இந்தக் காரையே வித்தாலும் அந்த விலைக்குக் காணாது. குடியிருப்புப் பெண்களை ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்திற்கும் ஏற்றிச் செல்லும் என் ஓட்டம் — என் சொந்தச் சம்பாத்தியம் — அத்துடன் நின்றுவிடும்.

"சர்க்கார் டி.சி. ஆபீஸ் மாதிரி ஆர்டர் போட்டியே, ஏன்னு சொன்னியாடி? அரைகொறையா விட்டுட்டுப் போறாளேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல."

சார்ஜர் வயரைக் கழற்றினேன்.

ஏப்ரல் 17

காரை எடுக்கவில்லை. அச்சமா?

ஏப்ரல் 19

தேவாலயத்தில் பூசை முடிந்ததும், பேட்டரியின் நிலையை அறிய, காட்டோர ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரை இருவரும் சென்று திரும்பினோம். பிப்ரவரியில் இதே பாதைக்கு நாற்பத்திரண்டு விழுக்காடு செலவாயிற்று. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இவர் ஏசியைத் தொடாமல் வியர்த்து ஊற்ற அமர்ந்திருந்தார். பிப்ரவரியிலும் போட்டே ஓட்டினேன், சோதனை ஒத்திருக்க வேண்டும் என்று சொல்லி நானே போட்டேன்.

இன்றைய செலவு நாற்பத்து மூன்று.

ஒன்றுதான் கூடுதல்! அதுவும் ஏப்ரல் வெயிலின் ஏசியால் இருக்கலாம். ஆறு ஆண்டுப் பேணுதல் இரு மாதத் தவற்றைத் தாங்கிக்கொண்டது.

"சலோ, பொழச்சுது" என்றார். அதன் பின்னரே காரணத்தை விளக்கினேன்: நிறைந்த பேட்டரி வெப்பத்தில் கிடந்தால் விரைந்து முதுமையுறும். இம்முறை தலையாட்டவில்லை, இரண்டு கேள்விகள் கேட்டார்.

மே 3

குழாயில் தண்ணீர் வந்தது. இவர் டிரம்களை விளிம்புவரை நிரப்பினார். பிறகு காருக்கு அருகில் காத்து நின்று, எண்பதைக் கண்டதும் வயரைக் கழற்றினார்.

"என்ன அண்ணே, கரெண்ட் போயிருச்சா?" என்றாள் எதிர்வீட்டு ஷோபனா.

"இல்லம்மா. இது வயிறு முட்டத் திங்கக் கூடாத சாமான். முக்கா வயிறுன்னாத்தான் ரொம்ப வருஷம் ஓடும்."

அதைச் செந்தமிழில் எழுத முயன்றேன். இதைவிடத் தெளிவாக வரவில்லை.