மேரி அக்காவின் முதுகு

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஆறிப்போன டீ. வாங்க வேண்டியவை: கரித்துண்டு, சார்ட், கிளிப்.

சனிக்கிழமை கண்காட்சி. ஃபெலோஷிப்பே இதற்குத்தான்: இங்கே பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடு, கடைசியில் வாலாஜாபாத் பழைய ரைஸ் மில்லில் பிள்ளைகளின் படங்களோடு உன் படங்களையும் மாட்டு.

ஒருங்கிணைப்பாளர் கோகுல் போஸ்டர் அனுப்பியிருந்தார். ஒன்பதாம் வகுப்பு கீர்த்தனாவின் கரிப்படம். நாற்று நடும் அவள் அம்மா, பின்னாலிருந்து. முகம் இல்லை, வளைந்த முதுகுதான். என்ன கோடு! பெருமையாக இருந்தது.

பிப். 4, புதன்

ஊரெல்லாம் போஸ்டர். மதியம் பள்ளி கேட்டில் கீர்த்தனாவின் அம்மா மேரி அக்கா, சேற்றுக் காலோடு.

"இன்னா டீச்சர், என் மூஞ்சி கெடைக்கலியா? குனிஞ்சிக்கினு கீறதக் கொண்டாந்து ஒட்டிக்கீறீங்க? நெலத்துக்காரன் சொல்லிச் சொல்லி சிரிக்கறான், 'மேரி, பஸ் ஸ்டாண்டுல உன் பின்பக்கம் சூப்பரா கீது'ன்னு."

வகுப்புக்குத் திரும்பினேன். கீர்த்தனா பெஞ்சில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். "கிளாசுக்குன்னுதான் மிஸ் வரைஞ்சேன். போஸ்டர் போடலாமான்னு யாரும் கேக்கல."

கோகுல் கேட்கவில்லை. நானும்.

அவருக்கு போன் செய்தேன். "படம்தானேங்க, யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது?" கீழே 'என் அம்மா – கீர்த்தனா' என்று கொட்டை எழுத்தில் போட்டவரே அவர்தான்! "உழைப்போட கண்ணியம்ங்க அது. சென்னையிலேர்ந்து வர்றவங்க அதைப் பார்க்கத்தான் வர்றாங்க."

கண்ணியமாம். த்தூ. போனை வைத்துவிட்டேன்.

பிப். 5, வியாழன்

கீர்த்தனாவும் நானும் போஸ்டர்களைக் கிழித்தோம். நகக்கண்ணெல்லாம் பசை. டீக்கடைக்காரர்: "ஒட்டனதும் நீங்க, கியிக்கிறதும் நீங்களா? நல்லா கீதும்மா."

கோகுலின் மெசேஜ்: கண்காட்சியிலிருந்து படத்தை எடுக்க முடியாது. அடுத்த வருடம் எனக்கு ஃபெலோஷிப்பை நீட்டிப்பது பற்றியும் யோசிக்க வேண்டுமாம்.

நன்றாக யோசிக்கட்டும்.

பிப். 7, சனி

ரைஸ் மில். தவிட்டு வாசனை. கார்கள், காட்டன் புடவைகள், ஜூஸ். நடுச்சுவரில் அதே படம், தனி விளக்கு வெளிச்சத்தில்.

"திறப்பு விழா முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார் கோகுல், சிரித்துக்கொண்டே. அறையலாம் போல இருந்தது.

அதற்குள் கீர்த்தனா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். நான் ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். முதல் கிளிப்பைக் கழற்றினாள். இரண்டாவது.

"ஏய், இறங்கு! அது ஃபெலோஷிப்போட சொத்து!" என்று கத்தினார் கோகுல்.

வாசலில் மேரி அக்கா. எப்போது வந்தார் தெரியாது. "முதுகு என்னுது சார். வரைஞ்சது என் பொண்ணு. நடுவுல நீ யாரு?"

வந்தவர்களில் ஒருத்தர் கைதட்டப் போனார். அக்கா திரும்பி ஒரு முறைப்பு முறைத்தார். தட்டப்போனவர் கையை இறக்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில். கீர்த்தனா மடியில் படம், சுருட்டியபடி. கையெல்லாம் கரி. நான்தான் கேட்டேன்: "வீட்ல மாட்டப் போறீங்களாக்கா?"

"அத்த எங்க ரெண்டு பேருகிட்டயே வுட்டுடு டீச்சர்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.