தட்டை அடி வள்ளம்

புதன், இரவு.

கடலுக்குப் போகும் எங்கள் படகின் கூரான அடி கடலுக்குள் இருந்த கற்பாரில் மோதிப் பிளந்துவிட்டது. திருத்தும்வரை பொறுக்காமல், நாளை அலையில்லாத களப்பில் ஓட்டும் வள்ளத்தைக் கடலில் இறக்கப் போகிறாராம் இவர். பின்னேரம் கோயில் சுவாமியைக் கூட்டிவந்து அதை மந்திரிப்பித்தார். தெளித்த தீர்த்தம் தட்டையான அடியில் அப்படியே தேங்கி நின்றது.

“இஞ்சேருங்கோ, இது களப்பிலை இறால் பிடிக்கிற வள்ளம். தட்டை அடி அலையை வெட்டாது, கவிழ்த்துப் போடும்” என்றேன்.

“மந்திரிச்ச வள்ளமடி. ஒண்டும் நடக்காது.”

பிறகு, எப்போதும் இவரோடு கடலுக்குப் போகும் இவருடைய தம்பி வந்தான்.

“அண்ணை, விடிய எத்தினை மணிக்கு வாறது?”

“நீ வேண்டாம். நான் தனியப் போறன்.”

இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. ஒன்றும் நடக்காதென்றால், தம்பியை ஏன் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்?